கொட்டாஞ்சேனைப் பெடியன் வடை தின்னப் பழகின கதை

1

வடையை எப்பிடிச் சாப்பிடுறது எண்டு போன மாசம் கொழும்பில ஒரு பிள்ளை எனக்குப் படிப்பிச்சவள். நானும் கவனமாக் கேட்டன். "வலது கையால எடுங்கோ அங்கிள். முதல்ல ஒரு சின்னக் கடி. உறைக்கும், பயப்பிடாதேங்கோ" எண்டு இங்கிலிசில சொன்னாள். யாழ்ப்பாணத்தில பிறந்து, அம்பத்திமூண்டு வயசு வரைக்கும் வடையோட வளந்த நான், பாம்பைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு விரலால அதைத் தூக்கி, ஓரத்தில கடிச்சு, கண்ணை அகட்டி, "ஓ, ஸ்பைசி" எண்டன்.

பக்கத்தில நிண்ட ஜேர்மன் மனுசி கை தட்டினா. "முதல் தரத்திலயே எவ்வளவு வடிவாச் சாப்பிடுறார்" எண்டு புருசனுக்குச் சொன்னா.

ஊரில இருந்து இதை வாசிக்கிற ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பியள் எண்டு தெரியும். கொஞ்சம் பொறுங்கோ. முழுக்க வாசிச்சால் இன்னும் கேவலமா நினைக்க இடமிருக்கு.

2

நான் இருக்கிறது ஜேர்மனியில, டோட்மண்டில. வேலை ஒரு கேக் பெக்டரியில. பெல்ட்டில கேக் வரும், மேல இருந்து செரிப்பழம் விழும். பழம் விழாத கேக்குக்குப் பழம் வைக்கிறது நான். கனகாலமா ஒரு நாட்டுக்கே இனிப்புக் குடுக்கிறன். எனக்கு சீனி வருத்தம்.

வீட்டில நான், மனுசி, மகள் அபி. அபிக்கு இருபது வயசு. சின்னனில என்ர வயித்தில ஏறி இருந்து கதை கேட்டவள். பன்னிரண்டு வயசு போல அறைக் கதவைச் சாத்தினவள், இன்னும் முழுசாத் திறக்கேல்லை. சாப்பாட்டுக்கு வருவாள், காதில பாட்டுக் கேக்கிற அந்த வெள்ளைக் குமிழோட. நான் ஏதும் கேட்டால் ஒரு காதில இருந்து மட்டும் கழட்டுவாள். எனக்கு அரைக் காதுதான்.

அவளின்ர தமிழ் ஜேர்மன் மொழியில யோசிச்சுத் தமிழில வாற தமிழ். ஜேர்மன்காரர் ஒராளைப் பகிடிக்கு ஏமாத்திறதைக் ‘கையில தூக்கிறது’ எண்டு சொல்லுவினம். அபி அதை அப்பிடியே எடுத்து, நான் ஏதாவது புளுகினால், "அப்பா, என்னைக் கையில தூக்காதேங்கோ" எண்டுவாள். முதல் தரம் அவள் இதைச் சொல்லேக்கை அவளுக்குப் பதினைஞ்சு வயசு. நான் உண்மையிலயே கையைப் பின்னால எடுத்தனான்.

சின்னனில அவளுக்கு நான் சொன்னது எல்லாம் கொழும்புக் கொட்டாஞ்சேனைக் கதை. அப்பா கொட்டாஞ்சேனைப் பெடியன். இரவிரவா ஆட்டுப்பட்டித்தெருவில வடை தின்னுவன், செட்டியார் தெருத் தேருக்குப் பின்னால ஓடுவன், மருதானையில ரயில் ஃபுட்போட்டில தொங்குவன், ஒருக்கால் தொங்கினபடியே நித்திரையும் கொண்டன். பிள்ளை வாயைத் திறந்தபடி கேக்கும்.

உண்மை என்னெண்டால், கொட்டாஞ்சேனைக்கு நான் போனது ஒரே ஒருக்கால். ஏஜென்சிக்காரனைத் தேடிப் போனனான். அவன் அங்க இல்லை. திரும்பி வந்திட்டன்.

நான் கொட்டாஞ்சேனைப் பெடியன் இல்லை, வெள்ளவத்தை லொட்ஜ் பெடியன். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில இருந்து வந்து, வெளியில அனுப்புறன் எண்ட ஏஜென்சிக்காரனை நம்பி, கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒண்டில ஒரு லொட்ஜ் அறையில ஒண்டரை வருசம் கிடந்தனான். சண்டைக் காலம், வடக்கில இருந்து வந்த தமிழன் பொலிசில பதியவேணும். பதிஞ்ச துண்டு பொக்கற்றில இருக்கவேணும். துண்டு இருந்தாலும் பிடிப்பாங்கள், இல்லாட்டியும் பிடிப்பாங்கள். இருந்தால் கொஞ்சம் மரியாதையாப் பிடிப்பாங்கள். அதால வெளிக்கிடுறதே இல்லை. நான் பாத்த கொழும்பு யன்னல் அளவு கொழும்பு.

அறையில எங்களோட பாலா அண்ணை எண்டு ஒருத்தர் இருந்தவர். கொட்டாஞ்சேனையில பிறந்து வளந்த ஆள், கலவரத்தோட வீடு போய், கடைசியில எங்களோட லொட்ஜில. வடை, தேர், ஃபுட்போட் எல்லாம் அவற்ற. லைற் நூத்த பிறகு இருட்டுக்குள்ள சொல்லுவார். எனக்கு ரெண்டு விசயம் அவர் தந்தவர். ஒண்டு, அவற்ற வாலிபம். அதை நான் கேக்காமலே தூக்கிக்கொண்டு ஜேர்மனிக்கு வந்திட்டன். மற்றது, சோதனைச் சாவடியில சொல்லுறதுக்குச் சிங்களத்தில நாலைஞ்சு வசனம். வாய்ப்பாடு மாதிரி பாடமாக்கினது. அதுக்கு மேல எனக்குச் சிங்களம் வராது.

ஏன் பிள்ளைக்கு லொட்ஜ் கதையைச் சொல்லேல்லை எண்டு கேப்பியள். நித்திரைக்குப் போற பிள்ளைக்கு, "இரவில கதவு தட்டினால் அப்பா தலைகாணிக்குக் கீழ இருக்கிற துண்டை எடுத்துக்கொண்டு சுவரோட நிப்பன்" எண்டு சொல்லேலுமோ? பாலா அண்ணையின்ர வடை சுகமில்லையோ?

இன்னொண்டும் சொல்லவேணும். ஜேர்மனிக்கு வந்த முதல் வாரம் ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய், "எங்க இருக்கிறாய் எண்டு பதியவேணும்" எண்டாங்கள். எனக்கு வேர்த்துக் கொட்டிச்சுது. அங்க இருந்த மனுசி ஒரு தாளில முத்திரை குத்தித் தந்து, "நல்ல நாளாகட்டும்" எண்டா. அண்டு பின்னேரம் முழுக்க அந்தத் தாளைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு தெருத்தெருவாத் திரிஞ்சன், ஆராவது மறிச்சுக் கேப்பாங்கள் எண்டு. ஒருத்தனும் கேக்கேல்லை. உள்ளபடி எனக்கு மனவருத்தம்.

3

போன மாசம் மனுசியின்ர தங்கச்சியின்ர மகளுக்கு வெள்ளவத்தையில கலியாணம். அபி வரமாட்டன் எண்டு நிண்டு, பிறகு தாய் அழுது, வந்தவள். கலியாணம் முடிஞ்சு வெளிக்கிட முதல் நாலு நாள் இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் கசின்மாரோட எங்கயோ சுத்திப்போட்டு, முகம் சிவக்க வந்தாள். சோடாவை ஒரே இழுவையில குடிச்சாள். காதில இருந்த ரெண்டு குமிழையும் கழட்டி மேசையில வைச்சாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கட கொட்டாஞ்சேனைக்கு."

"அங்க என்ன இருக்கு, புழுதி."

"நீங்கள் வளந்த இடம் இருக்கு."

மனுசி குசினிக்குள்ள இருந்து என்னைப் பாத்தா. அவவுக்கு உண்மை தெரியும். அவ வாயால சிரிக்கேல்லை, தோளால சிரிச்சா.

எட்டு வருசத்துக்குப் பிறகு அவளா வந்து என்னட்ட ஒண்டு கேட்டவள், அதுவும் ரெண்டு காதையும் திறந்துபோட்டு. கொட்டாஞ்சேனையில வழி தெரியாமல் முழிச்சன் எண்டால் அந்தக் குமிழ் ரெண்டும் திரும்பப் போய்க் காதில ஏறும். அதுக்குப் பிறகு நான் கலியாண வீட்டுக்குக் காசு கட்டுறதுக்கு மட்டும் அப்பா.

ஒரு மூளை உள்ள மனுசன் அந்த இடத்தில உண்மையைச் சொல்லியிருப்பான். நான் குளியலறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டி, போனில தேடினன். ‘தெற்கின் பழைய நகரத்தை நடந்து பாருங்கள், ருசித்துப் பாருங்கள்’ எண்டு, கொட்டாஞ்சேனைப் பக்கம் கூட்டிக்கொண்டு போற ஒரு சுற்றுலா விளம்பரம். வவுனியா தாண்டினால் எங்கட ஆக்களுக்கு எல்லாம் தெற்குத்தானே, சரியான இடம்தான் எண்டு வெள்ளிக்கிழமைக்குப் பதிஞ்சன். மனுசிக்கு, கண் டொக்டரிட்டப் போறன் எண்டு சொன்னன்.

"கண்ணுக்கோ, மூளைக்கோ?" எண்டா.

கூட்டிக்கொண்டு போனது ஷெரின் எண்டு ஒரு முஸ்லிம் பிள்ளை. துள்ளித் துள்ளி நடப்பாள். எல்லாரும் அவளுக்கு சேர், மேடம். நான் மட்டும் அங்கிள்.

"கொழும்புக்கு முதல் தரமோ, அங்கிள்?" எண்டு இங்கிலிசில கேட்டாள்.

இல்லை எண்டால், பிறகேன் இதுக்கு வந்தனீர் எண்டு கேப்பாள். ஆனபடியால், "ஓம்" எண்டன். "ஓம்" எண்டு தமிழில சொன்னதைக் காது கேட்ட பிறகுதான் வாய்க்குத் தெரிஞ்சுது.

"அட, அங்கிள் தமிழா?"

"கொஞ்சம்."

"சூப்பரா பேசறீங்களே" எண்டு என்னைப் பாராட்டினாள். என்ர தமிழை அதுக்கு முதல் ஒருத்தரும் பாராட்டினதில்லை.

இப்பிடித்தான் நான் வடை தின்னப் பழகினது. அதோட முடியேல்லை. கொத்து ரொட்டி போடுற இடத்தில காரப் புகைக்கு அந்த ஜேர்மன் மனுசி தும்மினா. "கெசுண்ட்ஹைட்" எண்டு என்ர வாய் சொல்லிப்போட்டுது. ஜேர்மனியில தும்மினால் சொல்லியே தீரவேணும், பழக்கதோசம். அவ திரும்பி, ஜேர்மன் தெரியுமோ எண்டு கேட்டு, எங்க இருக்கிறீர் எண்டு கேட்டு, கடைசியில பாத்தால் அதுகள் ரெண்டும் என்ர பக்கத்து ஊர். என்ர பெக்டரிக் கேக்தான் ஞாயிற்றுக்கிழமையில சாப்பிடுங்களாம். "ஆனா செரிப்பழம் சிலநேரம் இருக்காது" எண்டார் புருசன். நான் தெருவைப் பாத்தன்.

ஒரு சாப்பாட்டுக் கடையில ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எண்டு தட்டு நிறையக் கொண்டுவந்து மேசையில வைச்சாங்கள். எங்கட ஆக்களுக்குத் தெரியும், வேண்டியதை எடுத்துத் தின்னுறது, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். ஷெரின் அதைச் சொல்லுறதுக்குள்ள அந்த ஜேர்மன் மனுசன் தட்டை முழுக்கத் துடைச்சிட்டார். வைச்ச சாப்பாட்டை மிச்சம் விடுறது மரியாதை இல்லையாம். பிறகு நடந்த தூரம் முழுக்க அந்தாள் ஒண்டும் கதைக்கேல்லை.

நான் ஒண்டையும் எழுதேல்லை, எழுதினால் பிடிபடுவன். எல்லாத்தையும் பாடமாக்கினன். முக்கியமா தேவாலயத்து மேட்டுப் பக்கக் கதை. ஒல்லாந்தன், அதுதான் டச்சுக்காரன், வந்த காலத்தில அங்க இரவில நரி ஊளையிடுமாம். ஒல்லாந்தனுக்கு நரியைத் தெரியாது, ஓநாய் எண்டு நினைச்சு அந்த இடத்துக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு எண்டு பேர் வைச்சிட்டானாம். தமிழன் அதையே ஆட்டுப்பட்டித்தெரு எண்டான். ஒரே தெருவில ஓநாயையும் ஆட்டையும் குடிவைச்ச ஊர் வேற எங்கயும் இருக்காது எண்டு ஷெரின் சொல்ல எல்லாரும் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை. ‘ஒல்லாந்தன், நரி, ஓநாய், ஆடு’ எண்டு வாய்க்குள்ள உருப்போட்டுக்கொண்டு நிண்டன்.

முடிவில அவள் சொன்னாள்: "நேத்தும் ஜேர்மனியில இருந்து ஒரு பொண்ணு வந்திச்சு அங்கிள். கேள்வி மேல கேள்வி. நீங்க ஒண்ணுமே கேக்கலையே?"

ஜேர்மன்காரர் எங்கதான் போகாயினம் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பற்றியும் ஏதோ சொன்னாள். நான் அப்ப ஆட்டில நிண்டன்.

4

அவள் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை புத்தற்ற வெசாக் பெருநாள், எல்லாம் பூட்டு எண்டது.

வெசாக் எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவெல்லாம் வெளிச்சக்கூடு தொங்குது, கண் தெரியும்தானே, டொக்டரிட்டயும் போய் வந்தனான். ஆனா கடை பூட்டுவாங்கள் எண்டது மண்டையில ஏறேல்லை. லொட்ஜுக்குள்ள கிடந்தவனுக்குக் கடை திறந்தால் என்ன, பூட்டினால் என்ன.

பஸ்ஸால இறங்கினால் தெரு முழுக்க இரும்புக் கதவு. அபி கமராவைத் தூக்கிக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தாள். விடுவனோ? வெள்ளிக்கிழமை வடை தின்ற கடைக்கு முன்னால போய் நிண்டன்.

"இதில தான் அபி, நானும் கூட்டாளிமாரும் இரவிரவா வடை தின்னுறது."

"இந்தக் கடையிலயோ?"

"இந்தக் கடைதான். இந்தக் கதவுக்குப் பின்னால நிண்டுதான்."

அவள் மேல பெயர்ப்பலகையைப் பாத்தாள். நானும் பாத்தன். கடை தொடங்கின வருசம் கொட்டை எழுத்தில போட்டிருந்தது. அந்த வருசம் நான் டோட்மண்டில அபிக்குத் தொட்டில் பூட்டிக்கொண்டு நிண்டனான்.

"அப்பா, என்னைக் கையில தூக்காதேங்கோ."

"இல்லையடி. இது... பழைய கடைக்குப் புதுப் பலகை. உவங்கள் அடிக்கடி மாத்துவாங்கள்."

"ம்."

மேட்டால ஏறினம். பழைய ஒல்லாந்தத் தேவாலயம் தெரிஞ்சதும் நான் தொண்டையைச் செருமினன்.

"இந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு. ஒல்லாந்தர் இருக்கிறாங்களெல்லே, அவங்கள் இங்க ஓநாய் வளத்தவங்கள்."

"நரியா இருக்கும்."

"என்ன?"

"ஊளையிட்டது நரியா இருக்கும். இலங்கையில ஓநாய் இல்லை அப்பா. பயோலொஜி."

"நான் சின்னனில கேள்விப்பட்டதைச் சொல்லுறன்."

"சரி, சொல்லுங்கோ. பிறகு ஆடு எங்க வாறது?"

ஆட்டைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கேல்லை. ஆனா அந்த வெயிலுக்க எனக்கு அது பிடிபடேல்லை. பிள்ளைக்கு எவ்வளவு ஆர்வம் எண்டு சந்தோசப்பட்டு, ஆட்டுக் கதையையும் சொன்னன். சிரிக்கவேண்டிய இடத்தை விட்டிட்டுச் சொன்னன். அவள் எனக்குப் பாவம் பாத்து, ரெண்டு நிமிசம் கழிச்சுச் சிரிச்சாள்.

ஒரு முடக்கு வந்தது. நான் வலமோ இடமோ எண்டு யோசிச்சுக்கொண்டு, யோசிக்காத மாதிரி தலைமயிரைக் கோதினன். அவள் இடப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டு இருந்தாள்.

"எங்க போறாய்?"

"இடப்பக்கம் இல்லையோ?"

"இடப்பக்கம்தான். உனக்கெப்பிடித் தெரியும்?"

"நிழல் இருக்கு, அப்பா."

5

பசி வந்தது. சீனி வருத்தக்காரனுக்குப் பசி சும்மா வராது, கையைக் காலை நடுக்கிக்கொண்டு வரும். ருசி பாக்கிறதுக்கெண்டு பிள்ளையைக் கூட்டிவந்தவன், மத்தியானம் ஆகியும் ஒரு பணிஸ் கூட வாங்கிக் குடுக்கேல்லை. ஒரு சந்தியில பந்தல் போட்டு, தோரணம் கட்டி, சனம் வரிசையா நிண்டுது. நல்ல வாசம்.

"பாத்தியோ? தெருச் சாப்பாடு. கொட்டாஞ்சேனை எண்டால் இதுதான்."

"இது தன்சல், அப்பா. வெசாக்குக்குச் சும்மா குடுக்கிற சாப்பாடு. கசின் சொன்னவள்."

நிண்டம். வரிசை மெல்ல நகந்துது. அவிச்ச மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பூ, சிவக்கச் சிவக்கக் கட்டைச் சம்பல். குடுக்கிறது என்ர வயசு இருக்கக்கூடிய ஒரு சிங்கள ஆள், வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், கையில பெரிய அகப்பை. என்ர முறை வந்துது. அந்தாள் நல்ல மனசோட, வாய் நிறையச் சிரிச்சு, சும்மா ஒரு கதைக்குக் கேட்டார்:

"கொஹெந்த என்னே, மஹத்தயா?"

எங்கயிருந்து வாறீங்கள், ஐயா. அவ்வளவுதான் கேட்டது. ஜேர்மனி எண்டு சொன்னால் முடிஞ்சுது. கொட்டாஞ்சேனை எண்டு சொன்னாலும் அபிக்கு முன்னால வடிவா இருந்திருக்கும்.

என்ர ரெண்டு காலும் ஒண்டாச் சேந்து நிண்டுது. முதுகு நிமிந்துது. வாய் தன்ர பாட்டில வெளிக்கிட்டுது.

"மகே நம குணசீலன், சேர். மம வெள்ளவத்தே லொட்ஜ் எக்கே இன்னே. ரட்ட யன்ன ஆவே. பொலிஸ் ரிப்போட் தியெனவா, சேர்."

என்ர பேர் குணசீலன். வெள்ளவத்தையில லொட்ஜில இருக்கிறன். வெளிநாடு போக வந்தனான். பொலிஸ் ரிப்போட் இருக்கு. ஒரு பிழை இல்லை. பாலா அண்ணை கேட்டிருந்தால் முதுகில தட்டியிருப்பார். சொல்லி முடிய முதல் என்ர கை சேட் பொக்கற்றுக்குள்ள போய், ஜேர்மன் பாஸ்போட்டை எடுத்து, ரெண்டு கையாலும் அந்தாளுக்கு நீட்டிப்போட்டுது. கொழும்பில பொக்கற்றில ஒண்டும் இல்லாமல் வெளிக்கிட எனக்கு இண்டைக்கும் ஏலாது. மனுசி இதுக்கு எத்தினையோ தரம் சிரிச்சவ.

அந்தாள் அகப்பையோட அப்பிடியே நிண்டார். பக்கத்தில தண்ணி குடுத்த பெடியள் சிரிக்கத் தொடங்கினாங்கள். அவர் திரும்பி அவங்களைப் பாக்க, நிப்பாட்டிட்டாங்கள். அவருக்கு விளங்கிட்டுது. என்ர வயசு ஆள்தானே. அந்தக் காலத்தில சாவடிக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ எங்கயோ அவரும் நிண்டிருப்பார். நான் கேக்கேல்லை.

"கமக் நே, கமக் நே" எண்டார். பரவாயில்லை. "கன்ன." சாப்பிடுங்கோ.

நீட்டின பாஸ்போட்டை என்ன செய்யிறது எண்டு அவருக்குத் தெரியேல்லை. அதுக்கு மேலயே தட்டை வைச்சு, தட்டில கிழங்கை வைச்சார். சம்பலும் கொஞ்சம் கூடத்தான் விழுந்துது, தட்டுக்கு வெளியிலயும்.

மதகில இருந்து தின்னம். அபி தன்ர கிழங்கைத் தொடேல்லை.

"அவர் என்ன கேட்டவர், அப்பா?"

"எங்கயிருந்து வாறீங்கள் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

நாள் முழுக்க எத்தினை புளுகு புளுகினவன். அந்த இடத்தில ஒண்டு வரேல்லை. சொன்னன். கொட்டாஞ்சேனை என்ர இல்லை, பாலா அண்ணையின்ர எண்டு சொன்னன். லொட்ஜைச் சொன்னன், துண்டைச் சொன்னன், நான் அந்தாளுக்கு ஒப்புவிச்ச வசனங்களை ஒவ்வொண்டாத் தமிழில சொன்னன்.

அவள் கிழங்கை எடுத்துச் சம்பலில தொட்டுத் தின்னத் தொடங்கினாள். உறைப்புக்குக் கண்ணில தண்ணி வந்துது. உறைப்புக்குத்தான் எண்டு நானும் வைச்சுக்கொண்டன்.

அந்தாள் வாளியோட எங்களைத் தேடி வந்தார். அபியைப் பாத்து, "தாத்தட்ட தவ டிக்கக் தென்னத?" எண்டார்.

"என்னவாம்? தாத்தாவோ?" அபிக்குச் சிரிப்பு வந்திட்டுது. "உங்களைத் தாத்தா எண்டுறார்."

"சிங்களத்தில தாத்தா எண்டால் அப்பாதானடி. அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ எண்டு கேக்கிறார்."

"என்னைக் கையில தூக்காதேங்கோ."

லொட்ஜ் கதையை விட்டால், அண்டு காலைமை தொடக்கம் நான் சொன்னதில சரித்திர ரீதியாச் சரியான விசயம் அது ஒண்டுதான். அதைத்தான் அவள் நம்பேல்லை.

6

"அந்த லொட்ஜ் எங்க இருக்கு?" எண்டு கேட்டாள்.

"அதில பாக்க ஒண்டும் இல்லை."

"போவம்."

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தம். நாங்கள் தங்கியிருந்த வீட்டில இருந்து அந்த ஒழுங்கை நடக்கிற தூரம்தான். வந்த நாள் தொடக்கம் நான் அந்தப் பக்கம் போகேல்லை. சாமான் வாங்கப் போனாலும் சுத்திப் போறது. லொட்ஜ் இருந்த இடத்தில இப்ப மாடி மாடியா ஃபிளாட். கீழ கண்ணாடிக் கதவு, உள்ள ஒரு பிளாஸ்ரிக் செடி. எங்கட அறை இருந்த உயரத்தில ஆரோ உள்ளுடுப்புக் காயப்போட்டிருந்தாங்கள்.

"எதைச் சொல்லுறது" எண்டன்.

"தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

வாசலில இருந்து காலி வீதி வரைக்கும், திரும்பிக் கடற்கரைத் தண்டவாளம் வரைக்கும். என்ர கொழும்பு அவ்வளவுதான். பாடமாக்காமல் சொன்னன். இதில ஒரு ரெலிபோன் கடை இருந்தது. வெளிநாட்டில இருந்து ஆருக்கும் கோல் வந்தால் கடைக்காரர் ஓடி வந்து லொட்ஜ் வாசலில பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாரும் யன்னலுக்கு வருவம், ஒருத்தன் மட்டும் இறங்கிப் போவான். இந்த முடக்கில நிண்டு எட்டிப் பாக்கிறது. ஒழுங்கை வாசலில ஜீப் நிண்டால் திரும்பிறது, நிக்காட்டி இடியப்பம் வாங்கப் போறது. எத்தினை நாள் அந்த முடக்கில நிண்டு இடியப்பத்தைப் பற்றி முடிவெடுத்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது.

நடக்கேக்கை அபி சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன?"

"நீங்கள் சுவரோட உரசிக்கொண்டு நடக்கிறீங்கள். ரோட்டு முழுக்கக் காலியாக் கிடக்கு."

பாத்தன். தோளில சுண்ணாம்பு.

காலி வீதியில சைவக்கடை ஒண்டு திறந்திருந்தது. இடியப்பம், சம்பல், சொதி. அவள் கையாலதான் சாப்பிட்டாள், ஒருத்தரும் படிப்பிக்காமல்.

"பாலா அண்ணை இப்ப எங்க?"

"தெரியாது. நான் வெளிக்கிட முதல் அவரைக் கொண்டுபோயிட்டாங்கள்."

"ஆர்? ஏஜென்சியோ?"

"அதுவும் தெரியாது. ஒரு நாள் பின்னேரம் இடியப்பம் வாங்கப் போனவர்."

அவள் போனை எடுத்தாள். "முழுப் பேர் சொல்லுங்கோ, தேடுவம்."

பாலச்சந்திரனோ, பாலகிருஷ்ணனோ, பாலசிங்கமோ. எனக்குத் தெரியாது. ஒரே அறையில, ஒரே நுளம்பு வலைக்குள்ள கிடந்தனாங்கள். கூடப் பேர் தெரிஞ்சால் கூடக் கேள்வி வரும் எண்டு ஒருத்தரும் ஒருத்தரைக் கேக்கிறதில்லை. அவற்ற வடை எல்லாம் ருசிச்சனான், தேருக்குப் பின்னால ஓடினனான், பேரைக் கேக்கேல்லை.

அபி போனை மேசையில கவிட்டு வைச்சாள். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, எனக்கு இன்னும் ஒரு தட்டு இடியப்பம் சொன்னாள். சீனி வருத்தக்காரனுக்கு அது கூடாது. நான் அதைச் சொல்லேல்லை.

7

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில இப்ப மனுசரைக் காணேல்லை, மெஷின்தான். பாஸ்போட்டை வைச்சால் கதவு திறக்கும். மனுசிக்குத் திறந்துது, அபிக்குத் திறந்துது. எனக்குச் சிவப்பு லைற். துடைச்சுப்போட்டு வைச்சன், சிவப்பு. கட்டைச் சம்பலின்ர சிவப்பு அட்டையால இறங்கி, என்ர படத்தில மீசை வரைக்கும் வந்திட்டுது.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த அதிகாரி பாஸ்போட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது என்ன?"

"சம்பல்."

"அப்பிடியெண்டால்?"

"மிளகாய், வெங்காயம், தேசிக்காய், கொஞ்சம் மாசிக் கருவாடு." என்ர ஜேர்மன் இப்பிடியான இடத்திலதான் திறமா வரும்.

"எங்கயிருந்து வாறீங்கள்?" எண்டு கேட்டார்.

கால் சேரப் பாத்துது. விடேல்லை. "விடுமுறையில இருந்து" எண்டன். புதுப் பாஸ்போட் எடுக்கச் சொல்லி, எந்தக் கந்தோருக்குப் போகவேணும், முன்கூட்டியே நேரம் பதியவேணும் எண்டெல்லாம் விளக்கமாச் சொல்லி விட்டார்.

அந்தப் பக்கம் மனுசி பெட்டிக்கு ஓடிட்டா. அபி மட்டும் தூணோட சாஞ்சுகொண்டு நிண்டாள், காதில ஒண்டும் இல்லாமல்.

"அப்பா, அந்த டூருக்கு நானும் போனனான், வியாழக்கிழமை. ஷெரின் அக்கா ஆட்டுக் கதையை உங்களை விட நல்லாச் சொன்னவ. நாள் முழுக்க என்னைக் கையில தூக்கிக்கொண்டு திரிஞ்சீங்களே, உங்களுக்குக் களைக்கேல்லையோ?"